வெள்ளித் துணுக்கு இறங்கிய வழி

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் பதிவாகியுள்ளன. வயது நாற்பத்தொன்று. சிலிக்கான் தட்டுகள் செய்யும் ஆலையின் அமிலத் தொட்டிப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நேற்று இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டவன் என் மனைவியின் தம்பி. அதே தொட்டியில் எனக்கு அடுத்த ஷிப்டு அவனுடையது.

திங்கட்கிழமை காலை, வெள்ளிக் கரைசல் அறையில் இடுக்கி உடைந்துவிட்டதால், எங்கள் தொட்டியின் பிளாஸ்டிக் இடுக்கியை அங்கே கொண்டுபோனேன். அப்படிக் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பிறகு அதைக் குழாயில் அவசரமாக அலசி, பழையபடி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதன் பிறகு வந்த என் மைத்துனன் அதே இடுக்கியால் இருபத்தைந்து தட்டுகளை அமிலத்தில் இறக்கி எடுத்தான். ஒவ்வொரு தட்டிலும், இடுக்கி பிடித்த ஓரத்தில், கருப்புத் திட்டு விழுந்திருந்தது.

விடுப்பு கிடைக்காத கோபத்தில், "இந்தத் தட்டெல்லாம் எப்படி உருப்படுதுன்னு பாக்கறேன்" என்று அவன் போன வாரம் மேற்பார்வையாளரிடம் எல்லார் முன்னிலையிலும் கத்தியிருந்தான். அவனுக்கு வாய்தான் நீளம், கை சுத்தம். ஆனாலும் ஊசியால் குத்திக் கெடுத்துவிட்டான் என்று மேற்பார்வையாளர் புகார் கொடுத்தார்.

இன்று காலை சோதனைக்கூட அம்மையார் ஒரு தட்டை உடைத்து, உடைந்த ஓரத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆயிரக்கணக்கான துளைகள், கொத்தனார் தூக்குக்குண்டு விட்டது போல நேராக இறங்கியிருந்தன. அடியில் பார்த்தால், துளைக்கு ஒன்றாக வெள்ளித் துணுக்கு. "வெள்ளி இல்லாத இடத்துல இந்த அமிலம் சும்மா கிடக்கும். வெள்ளி தொட்ட இடத்துலதான் சிலிக்கானைக் கரைக்கும். கரையக் கரைய வெள்ளியும் கீழ இறங்கும்" என்றார் அம்மையார். வெள்ளி வேலையை முடுக்கிவிடுமே தவிர, தான் செலவாகாதாம். பதினான்கு ஆண்டுகள் அந்தத் தொட்டியருகே நின்றவன் நான். அதற்குள் இப்படி ஒன்று நடக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. எந்த ஊசியாலும், எவர் கையாலும் அப்படித் துளைக்க முடியாது. அது என் இடுக்கியில் ஒட்டியிருந்த வெள்ளி என்பதும் அப்போதே புரிந்தது.

இடுக்கியை நான் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை தப்பியிருக்கும், அவன் உள்ளே போயிருப்பான். சோதனைக்கூடத்திலிருந்து நேரே இங்கு வந்தேன்.

நான் சொல்லி முடித்ததும் ஆய்வாளர் அவனை அறைக்குள் வரவழைத்து விஷயத்தைச் சொன்னார். என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவனோ, "நேராவா இறங்கியிருக்கு மாமா? எவ்வளவு ஆழம்?" என்று கேட்டான். "தலைமுடிப் பருமன்ல கால்வாசி இருக்கும்" என்றேன். "அடேங்கப்பா" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பின்புதான் எனக்கு அழுகை வந்தது.

இவை யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னவை அல்ல. என் மைத்துனன் அருகில் இருக்கப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே உள்ளது. தவறு என்னுடையது மட்டுமே.

(ஒப்பம்)