கத்தார்னு ஒரு பணியாரம்

ஆரோக்கியதாஸ்: அதக் கடிக்காத பொற்கொடி. அது கத்தார்.

பொற்கொடி: நான் சுட்ட பணியாரங்க இது.

ஆரோக்கியதாஸ்: வெளக்குறதுக்கு வச்சிருக்கேன். இந்தா, இந்தத் தோசை ஈரான். இங்கிட்டு இட்லி, சவுதி. நடுவுல சட்னி...

பொற்கொடி: கடலு. புரியுது. எட்டு வருசமா நீங்க பணியாரத்துல, நான் மணமேல்குடியில. மேல சொல்லுங்க.

ஆரோக்கியதாஸ்: முன்னெல்லாம் இந்தத் தோசையப் பாத்துத்தான் அக்கம்பக்கத்துக்குப் பயம். இஸ்ரேலு அடிச்ச அடியில...

பொற்கொடி: பிஞ்சிருச்சு.

ஆரோக்கியதாஸ்: ஓரந்தான் பிஞ்சிருக்கு. இப்ப இஸ்ரேலப் பாத்தும் பயம். சவுதி ஓடிப்போய்ப் பாகிஸ்தானோட கையெழுத்துப் போட்டுருச்சு. ஒருத்தரத் தொட்டா ரெண்டு பேரையும் தொட்ட மாதிரின்னு.

பொற்கொடி: கல்யாணத்தன்னைக்கு எங்க அண்ணனுங்க ஒங்ககிட்டச் சொன்னாங்களே, அது மாதிரி.

ஆரோக்கியதாஸ்: சிரிக்காத. இதுல கத்தாருக்குத்தான் மவுசு. சண்டக்காரங்க அங்க வந்துதான் பேசுறாங்க.

பொற்கொடி: பேசட்டும். ஜூன்ல ஈரான் குண்டு, செப்டம்பர்ல இஸ்ரேல் குண்டு. ரெண்டு பக்கமும் அடி வாங்குனதுக்கு என்னங்க மவுசு?

ஆரோக்கியதாஸ்: அதுனாலதான் இனி எவனும் கை வைக்க மாட்டான். அமெரிக்காவே பொறுப்பேத்துருக்கு. ஞாயித்துக்கெழம நம்பிக் கெளம்பலாம்.

பொற்கொடி: கெளம்புங்க.

ஆரோக்கியதாஸ்: ...கெளம்பவா?

பொற்கொடி: நெத்திலிக் கருவாடு கட்டித் தரவா?

ஆரோக்கியதாஸ்: போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்றாளா பாரு...

பொற்கொடி: பயமில்லாத ஊருன்னு நீங்கதான இவ்வளவு நேரமும் சொன்னீங்க.

ஆரோக்கியதாஸ்: இல்ல... நீ அழுதேன்னு வையி, ஒனக்காக நான் வேணாம்னு...

பொற்கொடி: எனக்காகவா?

ஆரோக்கியதாஸ்: அந்தச் சட்னிய இங்கிட்டுத் தள்ளு.

பொற்கொடி: ஈரான் ஆறிப்போச்சு. சாப்புடுங்க.

ஆரோக்கியதாஸ்: டிக்கெட்டே போடல, பொற்கொடி. வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். ஜூன்ல குண்டு விழுந்தப்ப, தூங்கிட்டேன், ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னேன்ல... கட்டிலுக்கு அடியில கெடந்துக்கிட்டுத்தான் ஒனக்குப் போன் போட்டேன். பயந்து ஓடியாந்தவன்னு நீ நெனச்சிரக் கூடாதுன்னு...

பொற்கொடி: தெரியுங்க. எட்டு வருசத்துல ஒரு நாளும் சாப்டியான்னு கேக்காத மனுசன், அன்னைக்கு மூணு தரம் கேட்டீங்க. டிவிய விட்டு நகராம ஒக்காந்துக்கிட்டு, சாப்ட்டேன் சாப்ட்டேன்னு மூணு தரமும் நான் சொன்னதும் பொய்யிதாங்க.