பீரோவுக்குள்ள கேக்கு

இல்ல மாமா, அங்க தேடாதீங்க. கேக்கு பீரோவுக்குள்ள இருக்கு. ஆமா, துணி வெக்கிற பீரோதான். சாக்லேட்டும் அங்கதான். சாவிய என் செயின்ல கோத்து வெச்சிருக்கேன். சிரிக்காதீங்க, உங்க புள்ள போட்ட உத்தரவு. விருந்துக்கு ஆளுங்க வர்ற வரைக்கும் ஒண்ணும் வெளிய வரக் கூடாதாம். அவரு வாடகை நாற்காலி எடுக்கப் போயிருக்காரு, வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

எதுக்கா? எல்லாம் நம்ம குண்டனுக்காகத்தான். ஒரு நாயிக்கு வீட்டுக்குள்ளயே இத்தன எமன் இருக்குன்னு எனக்கே போன வருஷந்தான் தெரியும். சாக்லேட் ஆகாது. வெங்காயம் ஆகாது. பலூன் வெடிச்சா அந்தத் துண்ட முழுங்கிடும். பரிசுப் பொட்டலத்துல கட்டுற ரிப்பன் இருக்கே, அது குடல்ல சிக்கிக்குமாம். கலர் லைட் ஒயரப் பாருங்க, எங்க கட்டியிருக்காருன்னு. இது நாய்க்கா, ஒட்டகச்சிவிங்கிக்கான்னு கேட்டேன். இன்னும் ஒரு முழம் மேல ஏத்திக் கட்டினாரு. கதவுல வேற, நாய் ஜாக்கிரதைன்னு அட்டை. நாயை ஜாக்கிரதையாப் பாத்துக்கணுங்கிற அர்த்தத்துல எழுதினாராம். பக்கத்து வீட்டுத் தையக்காரம்மா அதப் படிச்சதுலேருந்து உள்ளயே வர்றதில்ல.

போன வருஷமா? இதே விருந்தன்னிக்குத்தான். ஹால் நெறைய ஆளு. கேக்குல காஞ்ச திராட்ச அள்ளிப் போட்டிருந்துச்சு. அது நாயோட கிட்னியப் பதம் பாத்துடும்னு யாருக்குத் தெரியும்? பெரிய துண்டா ரெண்டு தின்னுட்டான். சாயங்காலம் வாந்தி. அப்பறம் எழுந்திரிக்கவே இல்ல. டாக்டர் மூணு நாள் ட்ரிப்ஸ் ஏத்துனாரு. மூணு நாளும் உங்க புள்ள அந்தக் கிளினிக் தரையிலயே உக்காந்திருந்தாரு. எனக்குப் பிரசவம் ஆனப்போ கேன்டீன்ல இருந்தவரு.

பொழச்சுட்டான் மாமா, பொழச்சுட்டான். அதோ, உங்க காலடியிலதான படுத்திருக்கான்.

யாரு குடுத்தாங்கன்னா கேக்கறீங்க? நான்தான்னு சொன்னேன். தட்டக் கீழ வெச்சுட்டு எடுக்க மறந்துட்டேன்னு. நர்ஸ் வேலை பாக்கறவளுக்கு இது கூடத் தெரியாதான்னாரு. ரெண்டு மாசம் முகங்குடுத்துப் பேசல. இப்பவும் குண்டன் மருந்த நான் அளந்தா, அவரு வாங்கி இன்னொரு தடவ அளக்கறாரு. மனுஷங்களுக்கு மட்டும் நான் ஊசி போடலாமாம்.

நான்தான்னு சொன்னேன்னுதான் சொன்னேன் மாமா. குடுத்தேன்னு சொல்லல.

நீங்க ஜன்னலோரமா உக்காந்திருந்தீங்க. கேக்கப் பிட்டுப் பிட்டு அவனுக்கு ஊட்டினீங்க. உங்க புள்ளையச் சின்னதுல சுண்டுன்னு கூப்பிடுவீங்களே, அப்படிக் கூப்பிட்டு. ஸ்கூலுக்கு நேரமாச்சு, வாயத் தொறடா சுண்டுன்னு. நான் சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். திராட்ச ஆகாதுன்னு தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பேன்.

அதுக்கு முந்தின வாரந்தான் நீங்க தெருமுனைக் கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வழி தெரியாம நின்னீங்க. வயசானவங்க ஹோமுக்கு இவரு ஃபாரம் வாங்கி மேஜையில வெச்சிருந்தாரு. இதுவும் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பாரு.

அழாதீங்க மாமா. போன வாரமும் கேட்டீங்க, சொன்னேன், இப்படித்தான் அழுதீங்க. நானும் யார்கிட்டயாவது சொல்லணும்ல? உங்ககிட்ட சொன்னாத்தான் வெளிய போகாது.