உதைகாலி மாடும் ரெண்டு உண்ணியும்

...அப்ப என்ர மாடு உடும்போட படுத்து எழும்பினதாமோ? நீங்களே சொல்லுங்கோ மாஸ்ரர். கொஞ்சம் இஞ்சால அரக்கி இருங்கோ, படகில அந்தப் பக்கம் கடல்தண்ணி அடிக்கும். நெடுந்தீவுக்கு நீங்கள் புதுசு, உங்களுக்குத் தெரியாது. நான் சின்னனில இருந்து மாடு பாக்கிறன், இப்பிடி ஒரு கதை கேட்டதில்லை.

கம்சிகா எண்டு ஒரு பிள்ளை. கம்பஸில உண்ணி படிக்குது. சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான். வீடு வீடா ஸ்பிரிற் விட்ட சின்னப் போத்தல் குடுத்தது. என்ர சிவலைப் பசு அந்தப் பிள்ளையைக் கிட்ட விடேல்லை. "சூசை ஐயா, நீங்களே உங்கட மாட்டில பத்து உண்ணி பிடிச்சுப் போட்டுத் தாங்கோ" எண்டது. பத்து. கடையில முட்டை கேக்கிற மாதிரி.

பேந்து அந்த உண்ணியின்ர மரபணுவை ஒரு மெசின் எழுத்தெழுத்தா வாசிக்குதாம். அதை மற்ற உண்ணியளின்ர எழுத்தோட ஒப்பிட்டு, ஆர் ஆருக்குக் கிட்டின சொந்தம், ஆர் தூரத்துச் சொந்தம் எண்டு ஒரு மரம் கீறுறது. எங்கட ஆக்கள் சம்பந்தம் பேசேக்க கூட இவ்வளவு தோண்ட மாட்டினம்.

போன கிழமை போன் எடுத்துது. ஒரே சந்தோசம். என்ர போத்தலில எட்டு உண்ணி மற்ற மாட்டு உண்ணியளோட ஒரே கொப்பில நிக்குதாம். ரெண்டு மட்டும் தூரப்போய், உடும்பில வாற உண்ணியளோட நிக்குதாம். குஞ்சு உண்ணி எண்டபடியால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியேல்லையாம், எழுத்துத்தான் காட்டிக் குடுத்ததாம். உடும்பு உண்ணி மாட்டில ஏறினது பெரிய புதினமாம். இண்டைக்குப் பின்னேரம் ரெண்டு மணிக்குப் பேராசிரியர்மாருக்கு முன்னால அதைச் சொல்லப் போகுது. மூண்டு வருசப் படிப்பு அதில நிக்குது. என்னையும் வந்து பாக்கச் சொல்லி, இறங்குதுறையில வந்து மோட்டச்சைக்கிளில ஏத்துறன் எண்டு நிக்குது.

அந்த மெசினுக்கு வேற வேலை இல்லையோ? உண்ணி உண்ணிதானே. ரத்தம் குடிக்கிற சாமானில என்ன குலம் கோத்திரம்?

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்... சரி, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். சிவலை உதைகாலி மாஸ்ரர். எட்டுப் பிடிக்கிறதுக்குள்ள முழங்காலில ரெண்டு தரம் போட்டிட்டுது. பத்துக் கேட்ட பிள்ளைக்கு எட்டைக் குடுக்கிறது மரியாதையே? குசினிக்குப் பின்னால ஒரு உடும்பு உரிக்கக் கிடந்தது. செத்தது, உதைக்காது. கக்கத்துக்குள்ள உண்ணி தாராளம். ரெண்டை எடுத்துப் போட்டன்.

உடும்பு பிடிச்சா வழக்கு எண்டு எனக்கும் தெரியும். வழக்கெண்டா தண்டம் கட்டலாம். போத்தலில சிவலையில பிடிச்ச பத்து எண்டு எழுதி, திகதியும் நானே போட்டனான், அந்தத் திகதிதான் கரைச்சல். அண்டைக்குப் பெரிய வெள்ளிக்கிழமை மாஸ்ரர். என்ர மனுசி திரேசம்மா தவக்காலம் எண்டு நாப்பது நாளா இறைச்சியை வீட்டுக்க எடுக்கேல்லை. அவ கோயிலில சிலுவைப்பாதைக்கு முழந்தாளில நிக்க, நான் வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போட்டு வீட்டில நிண்டு... ருசியாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆனா அந்தப் பிள்ளை என்னை நம்பியெல்லோ எழும்பிக் கதைக்கப் போகுது. 

குறிகட்டுவான் இறங்குதுறை வந்திட்டுது. அந்தா, பிள்ளை ஹெல்மெற்றோட நிண்டு கைகாட்டுது. மாஸ்ரர், நீங்கள் படிச்ச ஆள், நீங்கள் ஒருக்காப் பக்குவமாச் சொன்னியளெண்டா... மாஸ்ரர்? எங்க போட்டார்? பையையும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால இறங்கிட்டார் மனுசன்.

ஓம் பிள்ளை, வந்திட்டன். இல்லை, ஏறேல்லை, பொறு. அந்த ரெண்டு உண்ணியும் சிவலையில பிடிச்சதில்லை. உடும்பில. நான்தான் கலந்தனான்... அழாதை பிள்ளை. ரெண்டு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. அந்த ரெண்டுக்கும் மாட்டை வெட்டிப்போட்டு உடும்பு எண்டு எழுது, பிடிச்சது சூசை எண்டும் எழுது. திகதியை மாத்தாதை. அந்தப் போத்தலில நான் எழுதினதில அது ஒண்டுதான் உண்மை.