அரிசிப் பானையில் இருந்த தகடு

மரம் அறுக்கும் மேசை ரம்பத்தைப் பொருத்துவதற்கு முன்னால் தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கதுரை அண்ணாச்சி பார்த்தார், மேடம். ரசமட்டம் வைத்து மூன்று முறை பார்த்தார். மணல் தரை இறங்கிவிடும் என்று சிமெண்ட் மேடை போடச் சொன்னவரும் அவர்தான்.

அவர் மிஷினைத் தப்பாகப் பொருத்தியதாக என் வீட்டுக்காரர் இந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையிலிருந்து அண்ணாச்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

துறைமுகச் சாலையில் சரக்குக்கு மரப்பெட்டி அடிக்கும் பட்டறை ஒன்றை மூடினார்கள். மிஷினை அங்கே வாங்கினேன். இருநூறு கிலோவுக்கு மேல். ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

“ஏளா ஈவாஞ்சலின், இத இனி ஒருத்தனும் நகட்ட முடியாது. உம் மாப்பிள்ளயப் புடிச்சி இதுலயே கட்டிப் போட்டுரு” என்றார் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் ஃபிராங்க்ளின் கப்பலில் இன்ஜினியர். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதில் அவர் வீட்டில் இருந்தது இருபத்தாறு மாதம். கிளம்பும்போதெல்லாம், “இந்த ஒரு தடவதான். அப்புறம் மரவேல செஞ்சிக்கிட்டு இங்கனயே கெடந்துருதேன்” என்பார். அதனால்தான் வாங்கினேன். கேட்டதை வாங்கிக் கொடுப்பதில் தப்பில்லை.

வந்தார். சந்தோஷப்பட்டார். ஒரு முக்காலி செய்தார். மூன்றாம் வாரம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை சென்னையில் மெடிக்கல் செக்கப், அதில் தேறினால் கப்பல்.

அன்று சாப்பிடும்போது, கூட வேலை பார்த்த கிளாட்வினைப் பற்றிச் சொன்னார். “ரெண்டு வெரலு போச்சு. மெடிக்கல்ல தள்ளிட்டான். வீட்லயே கெடக்கான், பாவம்.”

எதற்குப் பாவம் என்று எனக்குப் புரியவில்லை.

மிஷினோடு வந்த புத்தகத்தை நான் முழுக்கப் படித்திருந்தேன். அவர் படிக்கவில்லை. பிளேடுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு நிற்கும். அறுபட்ட மரம் பிளேடை இறுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். இறுக்கினால் மரம் எகிறும், கை பிளேடுக்குப் போகும். சனிக்கிழமை காலை அவர் மீன் வாங்கப் போயிருந்தபோது அதைக் கழற்றினேன். பலகை ஒட்டிப் போகும் இரும்புச் சட்டத்தையும் பின்பக்கம் கொஞ்சம் பிளேடை நோக்கித் தள்ளி முடுக்கினேன். ஒரு தீப்பெட்டி அட்டை அளவு.

கப்பலில் அவர் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்ப்பார். வீட்டில் எதையும் பார்க்க மாட்டார். கரண்ட் பில், கேஸ், கூரை, மோட்டார் எல்லாம் பதினோரு வருடம் நான் பார்த்தது. நான் வைத்தால் சரியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மீனை வாங்கிக்கொண்டு, கிளம்புவதற்குள் அடுப்படிக்கு ஒரு பலகை அறுத்துத் தரச் சொன்னேன்.

“அடுத்த தடவ வந்து செய்யட்டா?”

“ஒண்ணே ஒண்ணுதான், இப்பமே.”

இடது கைதான், மேடம். அவர் நிற்கும் இடத்தை வைத்து அதையும் யோசித்திருந்தேன். வலது கையால் சாப்பிட வேண்டுமே. இரண்டு விரல் என்றுதான் நினைத்தேன். மூன்று போய்விட்டது. கனமான மிஷின்.

துணியைத் தயாராக வைத்திருந்தேன். ஆட்டோவும் சொல்லியிருந்தேன். பெரியாஸ்பத்திரிக்கு ஒன்பது நிமிடத்தில் போய்விட்டோம். டாக்டரே என்னைப் பாராட்டினார்.

இப்போது நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். துறைமுகத்தில் ஹார்ன் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறார். அதிகம் பேசுவதில்லை. பழகிவிடும்.

இதுதான் அந்தத் தகடு. அரிசிப் பானையில் இருந்தது. துடைத்துத்தான் கொண்டுவந்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணாச்சியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், மேடம். தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவார்.