டிசம்பர் பூவுக்குக் கிராப்பு

...எலையாத் தள்ளுது தம்பி, எல. மொட்டத்தான் காணோம். மார்கழி பொறந்தாச்சு, ஊரு பூரா டிசம்பர் பூவாப் பூத்துக் கெடக்கு, எங்க வூட்டுச் செடி மட்டும் கீரப்பாத்தி மாதிரி நிக்குது. அதான் அரியலூர் வரைக்கும் வந்து, பூத்த செடியாவே ஒன்னு வாங்கிட்டுப் போறேன். காலக் கொஞ்சம் நகத்திக்கங்க, பஸ்ஸு குலுக்குற குலுக்குல தொட்டி மண்ணு உங்க பேண்ட்டுல ஒட்டப் போவுது. கலரப் பாருங்க... கத்திரிப்பூ கலருதானே? அப்ப சரி. எங்க வூட்டுச் செடியும் அதே கலருதான்.

பெரம்பலூர்ல கெடைக்காதான்னு பாக்குறீங்க. கெடைக்கும். ஆனா அங்க நர்சரிக்காரரு எங்க வூட்டு அம்மாவுக்குத் தெரிஞ்சவரு. "ஒங்க வூட்டுக்காரரு வந்து செடி வாங்கிட்டுப் போனாரே"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா தீந்துச்சு.

எம் பொண்ணு நந்தினிக்குப் பிரசவம் பாக்க ஓசூர் போயிருக்கா அவ. சிந்தாமணின்னு பேரு. ஆவணில போனவ, பேரன் பொறந்து, தல நின்னு, இன்னிக்கு சாயந்தரம்தான் திரும்பி வரா. நான் குரும்பலூர்ல தனியாத்தான் இருந்தேன். சிமெண்ட் பேக்டரில வேல பாத்து ரிட்டையர் ஆன ஆளு. முப்பது வருசமா ஷிப்ட்டு ஷிப்ட்டுன்னு ஓடிட்டேன், வூட்ல உப்பு எங்க இருக்குன்னு தெரியாது. இப்ப ரசம் வப்பேன். நல்லாவே வப்பேன்.

ஆனா அவ எங்கிட்ட ஒப்படச்சிட்டுப் போனது ரசத்த இல்ல, இந்தச் செடியத்தான். வாசல் கேட்டுக்குப் பக்கத்துல அவளே வச்சது. வாசனையே கெடையாது அந்தப் பூவுக்கு, ஆனா மார்கழி ஆனா தெனம் கோலம் போட்டுட்டுப் பறிச்சு, கட்டி, தலைல வச்சுக்குவா. நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வரப்ப அந்தக் கலரு கேட்டுலேந்தே தெரியும். கல்யாணம் ஆனதுலேந்து எங்கிட்ட எதையும் கேட்டதில்ல தம்பி. சேல வேணும்னு கூடக் கேட்டதில்ல. பஸ் ஏறுறப்ப இதத்தான் சொன்னா, "செடியப் பாத்துக்கங்க, நான் வரப்ப பூத்திருக்கணும்."

விடுவேனா? புண்ணாக்கு ஊற வச்சு ஊத்துனேன். முட்ட ஓட்ட நொறுக்கிப் போட்டேன். பக்கத்து வயக்காரரு முத்துசாமிகிட்ட யூரியா கையளவு வாங்கிப் போட்டேன். செடி தெருவுக்கே வந்துருச்சு. பாத்தா முள்ளுக்காடு மாதிரி இருக்கு. சரின்னு ஒரு கத்திரி வாங்கினேன், கவாத்துக் கத்திரி, செவப்புப் புடி போட்டது. அத்த வச்சு உருண்டையா வெட்டி விட்டேன் பாருங்க, சலூன்ல கிராப்பு அடிச்ச மாதிரி. ஞாயித்துக்கெழம ஆனா நான் சேவிங் பண்ணிட்டு, அதுக்கும் ஒரு கிராப்பு. தெருவுல போறவங்கெல்லாம் நின்னு பாத்துட்டுப் போவாங்க.

அப்படிப் பாத்தும் பூக்கலன்னா செடிக்கு நன்றி இருக்கா சொல்லுங்க.

அங்கேருந்து இவ வீடியோ காலு. "மொட்டு வச்சிருச்சா, காட்டுங்க"ங்கறா. நான் என்ன பண்றது? அடுத்த வூட்டுல பூவிழின்னு ஒரு பொண்ணு, அவ வேலில இதே பூ கொட்டிக் கெடக்குதுல்ல, அத்தக் காட்டிட்டேன். "அடேயப்பா, நல்லாப் பூத்திருக்கே"ன்னா. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல தம்பி. போயும் போயும் செடிக்கா பொய் சொன்னோம்னு...

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ஆங், சொல்லு சிந்தா... என்னது, வூட்டுக்கு வந்துட்டியா? சாயந்தரம்னுல்ல சொன்ன... காலைல பஸ்ஸா. சரி... நானா? சும்மா, அரியலூர் வரைக்கும்... பாத்துட்டியா... ஆமாம். நாந்தான் வெட்டுனேன்... என்ன, பூத்திருக்கா? எங்க? ... செவுத்துப் பக்கமா? அங்க கத்திரி நொழையாதே... ம்... ம்... நுனிலதான் மொட்டு வைக்குமா... எனக்கு எப்படித் தெரியும் சிந்தா? ... சொன்னதான். தண்ணி மட்டும் ஊத்துங்க, வேற எதுலயும் கைய வைக்காதீங்கன்னு சொன்னதான். இல்லேங்கல... தெரியுமா? அன்னிக்கேவா? ... சரி. வரேன்.

...சிரிக்கிறா தம்பி. வாய மூடிட்டு சிரிக்கிறா, எனக்குக் கேக்குது. பூவிழி வேலியக் காட்டுனேன்ல, கொடில அவ வூட்டு பாவாட காஞ்சுச்சாம், அப்பவே தெரிஞ்சுகிட்டாளாம். இத்தன நாளு ஒரு வார்த்த கேக்கல. செவுத்துப் பக்கம் நாலு கொப்பு முழுக்கப் பூத்திருக்காம், பறிச்சுத் தலைல வச்சுட்டாளாம். கேட்டுப் பக்கம் நான் வெட்டுனதுதான் மொட்டையா நிக்குது. வாரா வாரம் மொட்டத்தான் வெட்டிப் போட்டிருக்கேன் போல.

இந்தத் தொட்டிச் செடி வாங்கினதயும் அவகிட்ட சொல்லிடணும். கேட்டுப் பக்கம் நடுறதுக்கு ஆச்சு. குழி அவளே தோண்டட்டும். அந்தக் கத்திரியத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாளாம்.

என்ன, பேரளி வந்துருச்சா? எறங்குங்க, எறங்குங்க, பாத்து. சன்னலோரம் காலியானா நான் தொட்டிய அங்க வச்சிக்கறேன், வெளிச்சம் படட்டும்... இந்தக் கொப்பு மட்டும் கொஞ்சம் கோணலா நிக்குதுல்ல? சேச்சே, நான் தொடல தம்பி. சும்மா பாத்தேன்.