பெயர் சொல்லாத அர்ச்சனை

பாரிஸின் லா சப்பல் கோயிலில், அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். இளையவரின் முழங்கையில் நீளமான தையல் தழும்பு. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"சாமி பேருக்கே செய்யுங்கோ, ஐயா," என்றார் இளையவர்.

"ஆருக்காகச் செய்யிறாய்?" என்றார் மற்றவர்.

"ஊரிலை இந்தக் கையைத் தைச்ச டொக்டருக்கு, அண்ணை. காயக்காரருக்கு மருந்து கட்டினால் ஆமி பிடிக்குமெண்டு தெரிஞ்சும் தைச்சவர். இல்லாட்டி இண்டைக்கு ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவவும் எனக்குக் கையில்லை."

"அப்ப அவற்றை பேரைச் சொல்லலாமே."

"ஐயர் அதை உரத்துச் சொல்லுவார்."

"இது பாரிஸ். இஞ்சை ஆர் பிடிக்கப்போறான்?"

"என்னைப் பிடிக்கமாட்டாங்கள். அவர் இன்னும் அங்கைதான் தைச்சுக்கொண்டிருக்கிறார்."

அண்ணை தன் தட்டை ஐயரிடம் நீட்டினார்.

"இதையும் சாமி பேருக்கே செய்யுங்கோ."