நாலாவது வரியில் ஆறு பல்

…'ஏற்கத்தக்கதல்ல'. ஒரே வார்த்தை அண்ணா! எட்டு மாசம் உருகி உருகி எழுதின ஆய்வுக் குறிப்ப, பேரு கூடப் போடாத ஒரு மதிப்பீட்டாளர் ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. ம்ம், நாப்பது ஜெராக்ஸ் காப்பி, ரெண்டு பக்கமும். பதினோரு மணிக்குக் கருத்தரங்கு. உள்ள நுழையற ஒவ்வொரு பேராசிரியர் கையிலயும் என் பதிலத் திணிக்கப் போறேன். யாருக்கு முகம் செவக்குதோ, அவருதான் அந்த ஆளு!

நீங்களே சொல்லுங்க. இல்ல, மெஷினப் பாத்துக்கிட்டே கேளுங்க, பரவால்ல. கல்வெட்ட மைப்படி எடுக்கறதுன்னா என்ன? ஈரத்தாளக் கல்லு மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டு தட்டுன்னு தட்டி, வெட்டின பள்ளத்துக்குள்ள தாள் எறங்கினதும் மேல மைய ஒத்தணும். மேடெல்லாம் கறுப்பாயிடும், எழுத்து வெள்ளையா நிக்கும். புரியுதா? புரியலன்னாலும் தலையாட்டுங்க, என் நெறியாளர் அப்படித்தான் செய்வாரு.

அந்த வெயில்ல, தனியா, முதுகு ஒடிய எடுத்தேன் அண்ணா! அன்னிக்குன்னு பாத்து என் தலைமுடி கிளிப்பக் காணோம். காலையில குத்தினதா ஞாபகம். ஆனா வேலை நடுவுல பாத்தா முடி பூரா மூஞ்சியில. அப்ப குத்தவே இல்லன்னுதானே அர்த்தம்? அப்ப ரூம்ல அத எடுத்தது யாரு? என் ரூம்மேட்! நேராவே கேட்டேன். "உன் கிளிப்ப வச்சு நான் என்னடி பண்ணப் போறேன், எனக்கு பாய்கட்"ங்கறா. முடியே இல்லாதவ கிளிப்பத் திருடறான்னா, எவ்ளோ கெட்ட எண்ணம் இருக்கணும்! எட்டு மாசமா பேச்சு வார்த்தை கெடையாது. நடுவுல அலமாரிய இழுத்துப் போட்டு ரூமையே ரெண்டாக்கிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். நாலாவது வரி முடியற எடத்துல கல்லு பேந்து ஒரு குழி. எல்லாரும் 'சிதைவு'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. என் படியில மட்டும் அந்தக் குழிக்குள்ள ஒரு எழுத்து! இங்க பாருங்க, மேல ஒரு கோடு, கீழ ஆறு பல்லு. ஆசியாவுல இருக்கற எழுத்து அட்டவணை அத்தனையும் பொரட்டிட்டேன், எதுலயும் இல்ல. கடல் தாண்டி வந்த வணிகக் கூட்டத்தோட முத்திரைன்னு பதினாலு பக்கம் எழுதினேன்.

அந்த ஒரு வார்த்தைக்குக் கீழ அந்த ஆளு கேள்வி வேற கேக்கறாரு, மத்ததெல்லாம் வெள்ளையா இருக்க, இது மட்டும் ஏன் கறுப்புன்னு. என்ன கேள்வி இது! ஊரே பள்ளமா வெட்டினப்ப இந்தச் சிற்பி மேடா நிறுத்தியிருக்கான். புரட்சிக்காரன்! பழைய போட்டோவுல இது இல்லையேன்னு இன்னொரு கேள்வி. போட்டோ எடுத்தவருக்குக் கண்ணு சரியில்ல. அடிக்குறிப்பு முப்பத்தொண்ணுல அதையும் எழுதிட்டேன்.

என்னண்ணா தேடறீங்க? பேனாவா? வேணாம், இருக்கு. விக்கறதுக்குத் தொங்கற அந்த அட்டையிலேந்து என்னத்தக் கழட்டறீங்க… கிளிப்பா? அட, இதேதான் என்னதும்! அத எதுக்கு என் நாலாவது வரி மேல வைக்கறீங்க…

ஒண்ணு, ரெண்டு, மூணு… ஆறு.

அண்ணா… மெஷின நிறுத்துங்க.

எத்தன ஓடிடுச்சு? முப்பத்தொம்பதா! குடுங்க, நானே கிழிக்கறேன். சிரிக்காதீங்க! தாள உரிச்சப்ப அடியிலேந்து 'டிக்'குன்னு ஏதோ கீழ விழுந்துச்சு. கல்லுச் சில்லுன்னு நெனச்சு காலால தள்ளி விட்டுட்டேன்…

இருங்க, இருங்க. அந்த ஆளு கண்டுபிடிக்கறதுக்குள்ள நானே எழுதிடணும். என்ன மறுக்கற மொத உரிமை எனக்குத்தான்! ஒரு வெள்ளத்தாள் குடுங்க. தலைப்பு… 'ஆறு பல் எழுத்து: ஒரு கடும் மறுப்பு'. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, மறுபடி நாப்பது காப்பி.

அப்புறம், அந்தக் கிளிப் ரெண்டு. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு.

…ஆமாண்ணா, பாய்கட்தான். வளத்துக்கட்டும்!